ஊருக்குக் கிழக்கே கடல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாரதியார் எட்டயபுரத்தில் பிறந்தவர். அவரைப் புதுச்சேரிக்காரர்கள் தங்கள் ஊர்க் கவிஞர் என்று சொல்லிக்கொள்வது நியாயமா? ஓர் ஊர் கவிஞனுக்கு அப்படி என்ன கொடுத்துவிட முடியும்?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: பிறந்த ஊரின் உரிமையை யாரும் பறிக்கவில்லை ஐயா. ‘பாரதி’ என்ற பட்டமே எட்டயபுரத்தில் கிடைத்ததுதான். ஆனால் 1908 முதல் 1918 வரை பத்தாண்டுகள் அவர் எங்கள் ஊரில் வாழ்ந்தார். பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு மூன்றும் அந்தப் பத்தாண்டுகளின் விளைச்சல்.

ஊர் முதலில் கொடுத்தது அடைக்கலம். பிரெஞ்சு எல்லைக்குள் ஆங்கிலேயப் போலீஸ் அவரைக் கைது செய்ய முடியாது. ஆனால் இங்கிருந்து வெளிவந்த ‘இந்தியா’ இதழை எல்லைக்கு அப்பால் நுழையவிடாமல் தடுத்தார்கள். 1910இல் அது நின்றுபோனது. அன்றாடம் அரசியல் எழுதிப் பழகிய கைக்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று. வெளியே போனால் கைது, உள்ளே இருந்தால் வறுமை, தெருமுனையில் ஒற்றர்கள். அந்த அடைபட்ட ஆண்டுகள்தான் அவரை நெடுங்கவிதைகளுக்குத் திருப்பின என்று நம்புகிறேன். செல்லம்மாள் பட்ட பாட்டை நினைத்தால் இதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

குயில் பாட்டின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலைக் கதிர் பட்ட கடலைச் சொல்லி, அலை வந்து தழுவும் கரையைச் சொல்லி, பிறகு,

‘செந்தமிழ்த் தென்புதுவை யென்னுந் திருநகரின்
மேற்கே, சிறுதொலைவில் மேவுமொரு மாஞ்சோலை’

என்று நம்மைக் கூட்டிப்போகிறார். வழி கேட்டவனுக்குச் சொல்வது போல! நான் முத்தியால்பேட்டையில் வளர்ந்தவன். குயில் தோப்பு என்று நாங்கள் சொல்லும் இடம் கருவடிக்குப்பம் பக்கம். திசைகாட்டியை வைத்துப் பார்த்தால் நகருக்கு வடமேற்கு. பள்ளி நாட்களில் பாரதி தவறாக எழுதிவிட்டார் என்றே நினைத்திருந்தேன். என் அம்மா ஒருநாள் கடைக்கு அனுப்பும்போது, “கடலுக்கு முதுகைக் காட்டி நேரே நட” என்றார். அப்போது புரிந்தது. எங்கள் ஊரில் கிழக்கு என்றால் கடல். கடலை விட்டுத் திரும்பி நடந்தால் எல்லாமே மேற்கு. பத்தாண்டு இந்தத் தெருக்களில் நடந்த கால்கள் அந்த வரியை எழுதியிருக்கின்றன.

அடுத்த வரிகளையும் பாருங்கள். சுற்றுவட்டாரத்து வேடர்கள் வந்து பறவை சுட ஏற்ற சோலை அது என்கிறார். குயில் பாடியதோ ‘வேடர் வாராத விருந்துத் திருநாளில்’. கற்பனைச் சோலையில் தென்றல் வீசும், வண்டு முரலும், துப்பாக்கி வராது. இங்கே பறவைக்கு ஒருநாள் ஓய்வு கிடைத்ததால்தான் கவிதையே தொடங்குகிறது.

1916 நவம்பரில் பெரும்புயல் அடித்தது. நள வருடம், கார்த்திகை 8, புதன்கிழமை, இரவு ஒரு மணி என்று நேரம் குறித்து ஒரு பாட்டு எழுதினார். பிறகு, அழிந்த ஊரைப் பார்க்கப் போனவர் கண்ணில் பட்டதை இன்னொரு பாட்டில் வைத்தார்.

‘சிறிய திட்டையிலே – உளதோர்
தென்னஞ் சிறுதோப்பு
வறியவ னுடைமை – அதனை
வாயு பொடிக்கவில்லை.’

விழுந்து கிடக்கும் ஆயிரம் மரங்களுக்கு நடுவே, நிற்கிற தோப்பு ஓர் ஏழையுடையது என்று அறிந்துகொள்ள அந்த ஊரோடு பழகியிருக்க வேண்டும். நியாயமா என்று கேட்டீர்கள். என் மனத்தில் இந்த நான்கு வரிகளே எங்கள் உரிமைச் சீட்டு.

கேள்வி: பாரதிதாசன் புதுச்சேரியிலேயே பிறந்தவர். அவர் கவிதையில் ஊர் வேறு விதமாகத் தெரிகிறதா?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: தெரிகிறது. ‘அழகின் சிரிப்’பில் கடலைப் பாடும்போது ஊர்ப் பெயரையே அவர் சொல்வதில்லை. ‘ஊருக்குக் கிழக்கே உள்ள பெருங்கடல்’ என்று தொடங்கிவிடுகிறார். வந்து தங்கியவருக்குத் ‘திருநகர்’. பிறந்தவருக்கு வெறும் ‘ஊர்’. வீட்டுக்குள் இருப்பவர் அம்மாவைப் பெயர் சொல்லியா குறிப்பிடுவார்?

அந்தக் கரை மணலுக்குக் கீரியின் உடல் வண்ணம் என்கிறார். என் சிறுவயதில் பார்த்த மணல் அதே நிறம்தான். 1980களின் இறுதியில் துறைமுகம் வந்த பிறகு கரை அரித்துப்போய்க் கருங்கல் கொட்டினார்கள். அண்மைக் காலத்தில் ஒரு பகுதியில் மட்டும் மணல் திரும்பியிருக்கிறது. கல்லாகிப்போன கரையில் வளர்ந்த என் பேரனுக்கு, பழைய மணலின் நிறத்தை அந்த வரியைப் படித்துக்காட்டித்தான் சொன்னேன். அலைகளோ, அவருக்குக் கல்வி நிலையத்து இளைஞரைப் போல ஏறி விழுந்து புரள்கின்றன. 1909 முதல் 1946 வரை தமிழாசிரியராக இருந்தவர்; வேறு எந்த உவமை அவருக்கு முதலில் வந்திருக்கும்?

இன்னொன்று, மில்கள். என் தாத்தா மில் தொழிலாளி. சங்கு ஊதும் நேரத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். எட்டு மணிநேர வேலை கேட்டுப் போராடியவர்கள் மீது 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். பாரதிதாசனின் முதல் தொகுதி வந்தது 1938இல். ‘சித்திரச் சோலைகளே’ என்று பூஞ்சோலைகளை அழைத்து, உங்கள் வேரில் எத்தனை தோழர்கள் இரத்தம் சொரிந்தார்களோ என்று அவர் கேட்கும் பாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதை இந்தச் சம்பவத்துக்காகவே எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நேர்கோடாக இழுத்த தெருக்களும் பூங்காவும் ஒரு பக்கம், மில் சங்கு மறு பக்கம் என்று வாழ்ந்தவருக்கு அந்தக் கேள்வி தொலைவிலிருந்து வந்திருக்காது. பூவை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் உரிமை அவருக்கு இல்லை என்று அவரே முடிவு செய்துகொண்டார். அதனால்தான் அவரை நேசிக்கிறேன்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். கவிதை எழுதுகிறேன். ‘உன் கவிதையில் திருப்பூரே இல்லை’ என்கிறாள் தோழி. நொய்யலைப் பற்றி ஒன்று எழுதி இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நொய்யல் கவிதையைப் படித்தேன் அம்மா. அதில் வெள்ளிநீர் ஓடுகிறது, மீன் துள்ளுகிறது. சாயத் தண்ணீர் ஓடிய ஆற்றை நீங்கள் பாலத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இப்படி ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: ‘ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு அறைக்கு வந்து கண்ணை மூடினால், இருட்டிலும் துணியில் ஓட்டை தேடுகிறேன்.’ கவிதைத் தாளைவிட அந்த ஓரத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அங்கிருந்து தொடங்குங்கள். ஊர்ப் பெயர் வராவிட்டாலும் உங்கள் தோழிக்கு இடம் தெரிந்துவிடும்.

அடுத்த கடிதத்தில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். உங்கள் அறையிலிருந்து கம்பெனிக்கு எப்படிப் போக வேண்டும்? அங்கே கடல் இல்லை. எதை வைத்து வழி சொல்வீர்கள்?