தண்ணீருக்கு ஒரு சீல்

கேள்வி: ஆற்றில் உட்கார்ந்து கட்டையால் தண்ணீரை அடிக்கும் ஒரு சீனக் கலைஞரின் போட்டோக்களை மகள் காட்டினாள். மொத்தம் 36. எல்லாவற்றிலும் அதே ஆள், அதே ஆறு. ‘எழுத்தைப் பற்றிய கலை’ என்கிறாள். எழுத்து எங்கே சார்? கிண்டல் செய்கிறாரா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: கொஞ்சம் கிண்டல் உண்டும்மா. ஆனால் நம்மேல் இல்லை.

அவர் சோங் டோங். 1966-ல் பெய்ஜிங்கில் பிறந்தவர். படங்கள் 1996-ல் திபெத்தின் லாசா ஆற்றில் எடுத்தவை. கையில் இருப்பது பெரிய மரமுத்திரை. அடியில் ‘தண்ணீர்’ என்ற சீன எழுத்து செதுக்கியிருக்கிறது. அதைத் தலைக்குமேல் தூக்கித் தூக்கி, ஒரு மணி நேரம் ஆற்றில் குத்தினார். ஒருமுறையும் பதியவில்லை. தண்ணீருக்கே ‘இது தண்ணீர்தான்’ என்று அட்டெஸ்டேஷன்! தாலுகா ஆபீஸில் சீலுக்காகக் காத்துக் கிடந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சின்ன வயதில் மையும் தாளும் மிச்சமாகட்டும் என்று, தூரிகையைத் தண்ணீரில் தொட்டுக் கல்லில் எழுதிப் பழகச் சொன்னாராம் அவர் அப்பா. 1995-ல் அதையே டைரியாக்கிக்கொண்டார். எழுதுவார், காயும், மறுபடி அதே கல். யாரும் திருடிப் படிக்க முடியாது. கல்மேல் எழுத்து வேறு, நீர்மேல் எழுத்து வேறு என்றுதானே நமக்குச் சொல்லித் தந்தார்கள்? மனிதர் கல்லின்மேல் நீரால் எழுதி இரண்டையும் கலந்துவிட்டார்.

ஓவிய வாத்தியாராக இருந்த நான் இதை வெளிநாட்டு வித்தை என்று நினைக்கவில்லை. கோவை இலையால் துடைத்த சிலேட்டில், ஈர விரலால் பெயரெழுதி, அது காய்வதற்குள் பக்கத்துப் பையனிடம் காட்ட ஓடியவன்தானே நானும்.

எழுத்து எங்கே என்றீர்கள். அது ஆற்றோடு போயிற்று. கேமராவில் மாட்டியது எழுதிய கை மட்டும். ஒரே படம் என்றால் யாரோ துணி துவைக்கிறார் என்று தாண்டிப் போயிருப்போம். 36-ம் சேர்ந்து நிற்கும்போதுதான் கை ஏறுவதும் இறங்குவதும் நீர் சிதறுவதும் வரிவரியாக வாசிக்கக் கிடைக்கிறது. (36 என்றதும் எனக்கு 36 படம் பிடிக்கும் பழைய பிலிம் ரோல்தான் ஞாபகம் வந்தது.)

கேள்வி: பிள்ளைகளோடு வீட்டில் செய்து பார்க்கலாமா?
– அதே வாசகி

பதில்: தாராளமாக. கறுப்புக் கடப்பா கல் நல்லது. படம் எடுக்கும்போது செல்போனைச் சாய்த்துப் பிடியுங்கள், ஈரம் மின்னும். உச்சி வெயில் மட்டும் வேண்டாம். போன மாதம் மொட்டைமாடியில் என் பேத்தி பெயரின் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதலெழுத்து காணோம். “தாத்தா, ஓடுது, சீக்கிரம் பிடிங்க!” என்று கத்தினாள். படத்தில் விழுந்தது அவளுடைய வாளியும் என் கால் பெருவிரலும்தான்.