மூடிய குப்பைமேட்டைப் பூங்காவாக்கலாமா? – கேள்வி பதில்

கழிவுக் கிடங்குகளை மூடிப் பராமரிக்கும் பணியில் அனுபவமுள்ள சுற்றுச்சூழல் பொறியாளர் ஒருவர், உறுப்பினர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

தென்கொரியாவின் சியோல் நகரில் ஒரு குப்பைமலையே பூங்காவாகிவிட்டது என்கிறார்கள். மேலே மண்ணைக் கொட்டி மூடினால் போதுமா?

போதாது. நீங்கள் குறிப்பிடும் இடம் ஹான் ஆற்றங்கரையிலுள்ள நஞ்சிதோ. 1978 முதல் 1993 வரை சியோலின் குப்பை அங்கேதான் கொட்டப்பட்டது. ஏறத்தாழ 9 கோடி டன் குப்பை, 100 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இரண்டு மலைகளாக எழுந்து நின்றது. அடியில் எந்தத் தடுப்பு விரிப்பும் இல்லாமல் கொட்டியதால், மழைநீர் குப்பைக்குள் இறங்கிக் கறுத்த கசிவுநீராக ஆற்றை நோக்கி ஊறிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த மலைகளைச் சுற்றி ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தடிச் சுவர் இறக்கினார்கள். சுவருக்கு உட்புறம் தேங்கும் நீரை இறைத்துச் சுத்திகரித்தார்கள். சரிவுகளைச் சீராக்கி, உச்சியில் நீர் இறங்காத விரிப்பைப் பரப்பி, அதன்மேல் மண்ணிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகளைத் துளைத்து உள்ளிருந்த வாயுவை உறிஞ்சி எடுத்தார்கள். அந்த வாயு அருகிலுள்ள உலகக்கோப்பைக் கால்பந்து அரங்கத்துக்கும் குடியிருப்புகளுக்கும் வெப்பம் தரும் எரிபொருளாயிற்று. 2002 மே மாதம் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே செல்பவர்களின் கண்ணுக்குப் படுவது புல்வெளி மட்டுமே. பணத்தின் பெரும்பகுதி கண்ணில் படாத சுவருக்கும் குழாய்களுக்குமே போயிருக்கும் என்பதை நம் ஊர் மன்றக் கூட்டங்களில் யாரும் சொல்வதில்லை.

எங்கள் ஊர்க் கிடங்கை மூடியவுடன் வேம்பும் புங்கனும் நடலாம் என்றிருக்கிறோம். சரிதானா?

அவசரம் வேண்டாம். மேல்மண்ணின் ஆழம் குறைவாக இருந்தால், வேர் மூடுவிரிப்பைத் தேடிப் போகும். வாயு சரியாக வெளியேற்றப்படாத இடத்தில் மீத்தேனும் கரியமிலவாயுவும் வேரடியிலுள்ள ஆக்சிஜனை விரட்டிவிடுவதால், கன்று ஓரிரு ஆண்டுகளில் காரணம் தெரியாமல் கருகும். நஞ்சிதோ உச்சியிலுள்ள ஹானுல் பூங்கா நாணல் போன்ற உயரமான புல்லுக்குப் பெயர் பெற்றது. புல்லில் தொடங்குங்கள், மரங்களை மேட்டைச் சுற்றியுள்ள இயற்கை நிலத்தில் நடுங்கள்.

மூடிப் பத்து ஆண்டுகளாகிவிட்ட இடத்தில் ஏழைகளுக்கு வீட்டுமனை கொடுத்தால் என்ன தவறு?

இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். மக்கும் குப்பை காற்றில்லாமல் அழுகும்போது வெளிவரும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். காற்றில் அதன் அளவு 5 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கும்போது ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். அது மேலே மட்டும் வருவதில்லை. மேற்பரப்பை இறுக்கமாக மூடினால் பக்கவாட்டில் வழி தேடும். இங்கிலாந்தின் டெர்பிஷயரிலுள்ள லாஸ்கோவில் 1986 மார்ச் 24 அன்று ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமாயிற்று, மூவர் காயமுற்றனர். அந்த வீடு குப்பையின் மீது கட்டப்பட்டதன்று, அருகில் இருந்தது. சில மணி நேரத்துக்குள் காற்றழுத்தம் வெகுவாக இறங்கியபோது, நிலத்துக்குள் இருந்த வாயு பாறை இடுக்குகள் வழியாக வீட்டின் அடித்தளத்துக்குள் வெளிப்பட்டது. நம் கடற்கரை மாவட்டங்களில் புயல் நெருங்கும்போது காற்றழுத்தம் எப்படி இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது சிக்கல், தரை இறங்குவது. குப்பை மக்கமக்க மேடு அமுங்கும். அதுவும் ஒரே சீராக அமுங்காது. ஒரு மூலை இறங்கி மறுமூலை நின்றால் சுவர் பிளக்கும், கழிவுநீர்க் குழாய் முறியும். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளும், மூடிய பின் 15 ஆண்டுகள் கண்காணித்து, வாயுவும் கசிவுநீரும் வரம்புக்குள் இருப்பதையும் மண் நிலைத்திருப்பதையும் உறுதி செய்த பின்னரே குடியிருப்பைப் பற்றி யோசிக்க இடம் தந்தன. வேறு எவரும் வாங்க முன்வராத நிலம் என்பதாலேயே அதை ஏழைகளுக்கு ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோல்ஃப் மைதானம் அமைத்தால் நகராட்சிக்கு வருமானமாவது வருமே?

வரலாம். நஞ்சிதோவின் இரண்டாவது மேட்டில் அதைத்தான் செய்தார்கள். பொது நிலத்தைச் சிலருடைய ஆட்டத்துக்குக் கொடுப்பதா என்ற எதிர்ப்பு எழுந்து, 2008இல் அது எல்லோருக்குமான நோயுல் பூங்காவாயிற்று.

சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மூடாமல் தோண்டுகிறார்களே, எது சிறந்தது?

பழைய குப்பையைக் கிளறி உலர்த்திச் சலித்து, மண், கல், பிளாஸ்டிக் என்று பிரிப்பதையே பயோமைனிங் என்கிறோம். பிளாஸ்டிக் போன்றவை சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகும். மண்ணில் கன உலோகங்கள் இருக்கக்கூடும் என்பதால் சோதிக்காமல் வயலில் இடக்கூடாது. பெருங்குடியைப் பொறுத்தவரை தோண்டுவதே சரி என்பது என் கருத்து. அந்தக் குப்பை கிடப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில். அடியில் தடுப்பில்லாத மேட்டின் தலையை மட்டும் மூடினால், கால் தண்ணீரிலேயே ஊறிக்கொண்டிருக்கும். அப்படி மீளும் நிலத்தில் புதிதாகப் பூங்கா தேடுவதைவிட, அதைச் சதுப்பு நிலத்திடமே திருப்பிக் கொடுப்பது நல்லது.

பூங்கா திறந்த பின் எத்தனை ஆண்டுகள் கவனிக்க வேண்டும்?

30 ஆண்டுகள் என்று வைத்துத் திட்டமிடுங்கள். நியூயார்க்கின் ஃப்ரெஷ் கில்ஸ் கிடங்கு 1948இல் தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கி 2001 வரை நீடித்தது. ஏறத்தாழ 2,200 ஏக்கர் பரப்புள்ள அந்த இடத்தில், வடக்குப் பூங்காவின் முதல் பகுதி 2023 அக்டோபரில்தான் மக்களுக்குத் திறக்கப்பட்டது. வாயுவையும் கசிவுநீரையும் சேகரிக்கும் வேலை அதன் அடியில் தொடர்கிறது. ஆகவே, திறப்பு விழாவுக்கு நிதி கேட்கும்போதே, இறைப்பான்களின் மின்கட்டணத்துக்கும் வாயு அளவிடும் ஊழியரின் சம்பளத்துக்கும் தனி வைப்புநிதி கேளுங்கள்.