கால்வாய்க் கம்பெனி பத்திரத்தில் ரயில் படம்: போலியா?

வணக்கம் நண்பரே. 'டெலாவேர் அண்ட் ஹட்சன் கேனல் கம்பெனி'யின் 1880களின் பங்குப் பத்திரம் வாங்கியிருக்கிறீர்கள். கால்வாய்க் கம்பெனிக்கு ரயில் படம் எதற்கு, போலியோ என்று கேட்டீர்கள். அதை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம்.

1823இல் தொடங்கிய அமெரிக்கக் கம்பெனி இது. பென்சில்வேனியா நிலக்கரியை நியூயார்க்குக்குக் கொண்டுபோவதுதான் நோக்கம். கால்வாய் ஹோன்ஸ்டேல் வரைதான் வந்தது; சுரங்கம் இருந்த கார்பன்டேலோ மலைக்கு அந்தப் பக்கம். அதனால் 1829இல் தண்டவாளம் போட்டார்கள். ஏற்றத்தில் ஓரிடத்தில் நிறுத்திய நீராவி எஞ்சின்கள் வண்டிகளை இழுக்கும், இறக்கத்தில் அவை தாமாக உருளும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அப்புறம்தான். அதே ஆண்டு ஆகஸ்ட் 8, இங்கிலாந்தில் செய்த 'ஸ்டவர்பிரிட்ஜ் லயன்' ரயில் எஞ்சினை கம்பெனியின் பொறியாளர் ஹொரேஷியோ ஆலன் தன்னந்தனியாக ஓட்டிக் காட்டினார். எஞ்சின் நன்றாகவே ஓடியது. இரும்புப் பட்டை அடித்த மரத் தண்டவாளம்தான் அதன் எடையைத் தாங்கவில்லை.

1870களில் வேறு ரயில் பாதைகளையும் குத்தகைக்கு எடுத்தார்கள். அதனால் 1880களின் பத்திரத்தில் ரயில் படம் இருப்பதில் வியப்பில்லை. 1898இல் கால்வாயை மூடி, 1899இல் பெயரிலிருந்து 'கேனல்' என்பதை எடுத்துவிட்டார்கள். எனவே முதலில் தேதியைப் பாருங்கள். 1899க்குப் பிந்தைய தேதியும் 'கேனல்' பெயரும் சேர்ந்திருந்தால் சந்தேகப்படலாம். அப்புறம் படத்தின் மேல் விரலை மெல்ல ஓட்டுங்கள், செதுக்கு அச்சு (உலோகத் தகட்டில் படத்தைச் செதுக்கி அச்சிடுவது) என்றால் மை லேசாக மேடு தட்டும். பத்திரத்தை ரத்து செய்ததற்கு அடையாளமாகப் போட்ட துளைகள் இருந்தால் கவலை வேண்டாம், பழைய பத்திரங்களில் அது சகஜம்.