மாமனாரின் சர்க்கஸ் காதல்

கேள்வி: என் மாமனாருக்கு 79 வயது. பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு ஓடி சர்க்கஸில் சேர்ந்தவர். பல வருஷம் பார் விளையாட்டில் கேட்சராக இருந்தார். அத்தை இங்கே வாசலில் இட்லிக் கடை போட்டுத்தான் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். போன வருஷம் அவர் இறந்த பிறகு, மாமா தினமும் ராத்திரி பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து சர்க்கஸ் கதை சொல்கிறார். அதில் தலைச்சேரிப் பெண் ஒருத்தி வருகிறாள். கல்யாணத்துக்கு முன்பு அவளைக் காதலித்தாராம். "அவ கையை ஒரு நாளும் நான் விட்டதில்ல" என்பார். அத்தையின் வருஷத் திதியன்றும் சொந்தக்காரர்கள் நடுவில் இதையே ஆரம்பித்தார். என் கணவர் சாப்பாட்டு இலையிலிருந்து எழுந்து போய்விட்டார். இப்போது அப்பாவும் பிள்ளையும் பேசுவதில்லை. மாமாவுக்கு மறதி நோயா? இந்தப் பேச்சை எப்படி நிறுத்துவது? ராத்திரியில் தோள் வலி என்று வேறு முனகுகிறார்.
— பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: அன்புள்ள சகோதரி, மறதி நோய் பயத்தை முதலில் முடித்துவிடுவோம். பழைய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது மட்டுமே நோய்க்கு அடையாளம் ஆகாது. சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டோடு வந்து நிற்கிறாரா, தெரிந்த தெருவில் வழி தவறுகிறாரா, சில்லறை எண்ணத் தடுமாறுகிறாரா என்று கவனியுங்கள். ஏதாவது இருந்தால் சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். முதியோர் சிகிச்சைக்கென்று 1978-லேயே தனிப் பிரிவு தொடங்கிய இடம் அது.

கதையை நிறுத்த வேண்டாம் என்பேன். கேட்சரின் வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். முழங்காலை மடக்கிப் பாரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, எதிர்ப் பாரிலிருந்து பறந்து வருகிறவரைப் பிடிக்க வேண்டும். விரலைப் பிடித்தால் வழுக்கிவிடும். இவர் அவர் மணிக்கட்டையும் அவர் இவர் மணிக்கட்டையும் பற்ற வேண்டும். கீழே வலை இருக்கும்தான். ஆனால் வலையிலும் முதுகு படும்படி விழத் தெரியாவிட்டால் கழுத்து போய்விடும். தரையில் பெண்களின் கூடாரம் தனி, காவலும் உண்டு. நின்று பேசினாலே முதலாளி காதுக்குப் போய்விடும். அந்த இரண்டு பேரும் தொட்டுக்கொள்ள அனுமதி இருந்த ஒரே இடம் அந்தரம்தான், அதுவும் ஊரே அண்ணாந்து பார்க்க. மறந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அந்தப் பெண் தலைச்சேரி என்பதையும் கவனியுங்கள். கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற ஆசான் அங்கே சர்க்கஸ் பயிற்சி கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, நாட்டின் சர்க்கஸ் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. பெண்பிள்ளையின் சம்பளத்தில் ஒரு குடும்பமே சாப்பிட்ட வீடுகள் உண்டு. அவளுக்குக் கல்யாணம் என்றால் அங்கே உலை ஏறாது. ஏன் கல்யாணத்தில் முடியவில்லை என்று மாமா பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாரா? இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சொல்லாதது இன்னும் இருக்கும். சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2011-ல்தான். பன்னிரண்டு வயதில் போனவர் என்ன அடி வாங்கினாரோ. மழை பிடித்தால் காட்சி இல்லை, வசூல் இல்லை, சம்பளம் நிற்கும். நனைந்த கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த ஊர். இதையெல்லாம் பேரனிடம் எப்படிச் சொல்வார்? சின்னப் பிள்ளைகளிடம் சொல்லக்கூடியதாக அந்த வாழ்க்கையில் மிஞ்சியது காதல் ஒன்றுதான் போல.

இனி உங்கள் கணவர். அவருக்கு அந்தப் பெண் மேல் கோபம் இல்லை, இதைக் கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்வேன். விடியற்காலையில் அம்மா அடுப்பு மூட்டியதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அப்பா என்றால் அவருக்கு எப்போதாவது வரும் மணியார்டர். அவர் காதில் "கையை விட்டதில்ல" என்று விழுந்தால்? 'அப்ப எங்க கையை?' என்று கேட்கத் தோன்றியிருக்கும். கேட்க முடியாமல் எழுந்து போயிருக்கிறார். நியாயமான கோபம் அது. "வயசானவர், விட்டுக்கொடுங்க" என்று அவரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

மாமாவிடம் நீங்களே பேசுங்கள். இந்த மாதிரி விஷயத்தில் மருமகள் பேச்சு எடுபடும். "மாமா, கதை சொல்ல வேணாம்னு சொல்லல. அத்தை திதி அன்னிக்கு மட்டும் வேணாம். அவருக்கு மனசு கஷ்டமாயிருக்கு" என்று நேராகச் சொல்லிவிடலாம். அப்புறம் ஒரு நாள், "தாத்தா, ஆயாவை முதல்ல எங்க பாத்தீங்க?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அத்தையின் பெட்டியில் பழைய மணியார்டர் கூப்பன் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் நாலு வரி எழுத இடமிருக்கும். பலர் அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். கிடைத்தால், படிக்காமல் கணவரிடம் கொடுங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், இல்லாத பாசத்தை நீங்களாகச் சேர்த்துச் சொல்ல வேண்டாம்.

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்பா மன்னிப்புக் கேட்காமலே போகலாம், மகனுக்கு ஆறாமலே இருக்கலாம். வீட்டில் பேச்சு ஓடினால் சரி.

தோள் வலியை லேசாக விடாதீர்கள். இடது தோளோடு நெஞ்சிலும் அழுத்தம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அப்படி இல்லையென்றால், ஆள் எடையை வருஷக்கணக்கில் தாங்கிய தோள் அது, தைலத்துக்கு அடங்காது. ஸ்டான்லி மருத்துவமனையில் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். அழைத்துப் போவது உங்கள் கணவராக இருக்கட்டும். நீங்கள் ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுங்கள். ஓ.பி. சீட்டு வாங்கி டாக்டரைப் பார்ப்பதற்குள் நேரம் ஆகும். அதுவரை ஒரே பெஞ்சில் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.