இழுவைத் திறன் வேறு, சுமைத் திறன் வேறு

கேள்வி: என் பிக்கப் வண்டி 3,500 கிலோ வரை இழுக்கும் என்று கையேட்டில் உள்ளது. சுமையோடு 3,000 கிலோ வரும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு குடும்பத்தார் ஐவர் பயணம் செய்ய எண்ணுகிறோம். வண்டியின் சொந்த எடை 2,150 கிலோ. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,050 கிலோ. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 5,850 கிலோவைத் தாண்டக்கூடாது. பின்பெட்டிக்கு மூடியும் முன்புறத்தில் காப்புக் கம்பியும் பிற்பாடு பொருத்தியிருக்கிறேன். அவை 130 கிலோ. ஐவரின் எடை 350 கிலோ, பெட்டியில் வைக்கும் சாமான்கள் 150 கிலோ. பாதுகாப்பாகப் போகலாமா?

பதில்: இப்போதுள்ள ஏற்பாட்டில் போக வேண்டாம். 3,500 என்ற எண் வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு சுமக்கும் என்பதை அது சொல்வதில்லை. இழுக்கப்படும் டிரெய்லரின் எடையில் ஒரு பங்கு கொக்கியின் வழியாக வண்டியின் மேலேயே வந்து அமர்கிறது என்பதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. பந்துக் கொக்கியில் மாட்டும் டிரெய்லர்களுக்கு இந்தப் பங்கு பொதுவாக 10 முதல் 15 விழுக்காடு. குறைந்த அளவைக் கொண்டாலும் உங்களுக்கு 300 கிலோ.

மொத்த எடை வரம்பிலிருந்து சொந்த எடையைக் கழித்தால் உங்கள் வண்டி சுமக்கக்கூடியது 900 கிலோ. ஆட்கள் 350, பொருத்தியவை 130, சாமான்கள் 150, கொக்கிச் சுமை 300 என்று கூட்டினால் 930 ஆகிறது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடையோ 5,780 கிலோதான். அந்த வரம்புக்குள் இருப்பதால் எல்லாம் சரி என்று தோன்றிவிடும். ஒரு வரம்புக்குள் இருந்துகொண்டே இன்னொன்றைத் தாண்டிவிட முடியும் என்பதால்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்கச் சொல்கிறேன். சில நாடுகளின் ஆவணங்களில் சொந்த எடையிலேயே ஓட்டுநருக்கென 75 கிலோ சேர்ந்திருக்கும். உங்களுடையது எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது பின் அச்சு. கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், அங்கே அழுத்தும் எடை நெம்புகோல் போல் வேலை செய்கிறது. இரு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டரும், பின் அச்சிலிருந்து கொக்கி வரை 1.2 மீட்டரும் இருந்தால், 300 கிலோ கொக்கிச் சுமை பின் அச்சில் 420 கிலோவாக இறங்கும். முன் அச்சிலிருந்து 120 கிலோ குறைந்துவிடும். திசைதிருப்பும் சக்கரங்களுக்குப் பிடிமானம் குறைவதும், பின் டயர்கள் சூடேறுவதும் இதனால்தான். அச்சுகளுக்கும் டயர்களுக்கும் தனி வரம்புகள் உண்டு.

தீர்வு எளிது. பெட்டியிலுள்ள 150 கிலோ சாமான்களை டிரெய்லருக்கு மாற்றி, அதன் அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். டிரெய்லரின் சொந்த வரம்பு அதற்கு இடம் தர வேண்டும். டிரெய்லர் 3,150 கிலோ ஆகும், கொக்கிச் சுமை 315 ஆகும், வண்டியின் மேல் மொத்தம் 795 கிலோதான் இருக்கும். கொக்கிச் சுமையைக் குறைப்பதற்காகச் சாமான்களை டிரெய்லரின் பின்கோடியில் அடுக்குவது மட்டும் கூடவே கூடாது. வேகமெடுத்ததும் டிரெய்லர் பக்கவாட்டில் அலையத் தொடங்கி வண்டியையே இழுத்துப் புரட்டிவிடக்கூடும்.

காகிதக் கணக்கோடு நிறுத்திவிடாமல், எல்லாரும் ஏறி எல்லாம் ஏற்றிய பிறகு எடை மேடைக்குப் போங்கள். டிரெய்லரை மாட்டியபடியே வண்டியின் சக்கரங்கள் மட்டும் மேடைமேல் நிற்கும்படி ஒரு முறையும், டிரெய்லரைக் கழற்றிவிட்டு மறுமுறையும் எடை போட்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே உண்மையான கொக்கிச் சுமை. பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு எடை எடுத்தால் அச்சின் நிலையும் தெரிந்துவிடும்.

கேள்வி: பின்புறம் தாழாதிருக்கக் காற்றுப் பைகள் பொருத்தினால் கூடுதலாக ஏற்றலாமா?

பதில்: ஏற்றக்கூடாது. அவை வண்டியைச் சமமாக நிற்கச் செய்யும். ஆனால் அச்சு, பேரிங், பிரேக், சட்டகம், டயர் ஆகியவை முன்பிருந்தவையே. தாழ்ந்து நின்ற வண்டி தந்த எச்சரிக்கையை மட்டும் அவை மறைத்துவிடும்.