குறைவாக, நல்லதாக

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொருள்கள் குறைவாகவும் தரமாகவும் இருந்தால் வாழ்க்கை எளிதாகும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபின், என் அலமாரியில் இருந்தவற்றில் பாதிக்கும் மேல் பிறருக்குக் கொடுத்துவிட்டேன். அவற்றுக்குப் பதிலாக விலை உயர்ந்த சில சட்டைகளும் ஒரு ஜோடி ஷூவும் வாங்கினேன். ஒவ்வொன்றையும் வாங்குவதற்குமுன் வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்ததிலேயே களைத்துப்போனேன். அப்படி வாங்கிய ஒரு சட்டையின் காலர் சில மாதங்களிலேயே உப்பிக்கொண்டுவிட்டது. தரம் பார்த்து வாங்குவது வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் எளிமைதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இருந்ததைக் கொடுத்தது, புதிதாக வாங்கியது என்று நீங்கள் செய்தவை இரண்டு. இரண்டையும் ஒரே முடிவாக எண்ணியதில்தான் சிக்கல் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். உழைக்கும் நிலையில் உள்ள ஒன்றை அகற்றிவிட்டு அதன் இடத்தில் விலை கூடியதை வைத்தால், அலமாரியில் இடம் கிடைக்கும். வாங்கும் பழக்கம் அப்படியே இருக்கும். உலகில் 2000-க்கும் 2015-க்கும் இடையில் ஆடை உற்பத்தி ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அதே காலத்தில் ஓர் ஆடை கழித்துக்கட்டப்படும்வரை உடுத்தப்படும் தடவைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. துணி நைந்துபோவதற்கு முன்பே நாம் அதை விட்டுவிடுகிறோம் என்பதுதான் இதன் பொருள். ஆகவே தரத்தை நோக்கிய முதல் அடி, கையில் இருப்பதை அதன் ஆயுள் முடியும்வரை பயன்படுத்துவதுதான்.

அடுத்தது விலை. விலையும் தரமும் சில இடங்களில் சேர்ந்து வரும், பல இடங்களில் வராது. உங்கள் சட்டையையே எடுத்துக்கொள்வோம். காலருக்கு விறைப்புத் தருவதற்காக உள்ளே இன்னொரு துணியை வைப்பார்கள். பெரும்பாலும் அதைச் சூட்டில் உருகும் பசையால் ஒட்டிவிடுவார்கள். பசையும் சூடும் அழுத்தமும் சரியாக அமைந்தால் அது நெடுநாள் நிற்கும். அமையாவிட்டால் சலவைக்குச் சலவை பசை விட்டுப்போய் மேல்துணி உப்பும். இதற்கும் சட்டையில் பொறித்த பெயருக்கும் தொடர்பில்லை. இனி ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் முதலில் அதை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலில் துணியின் ஓரங்கள் மடிக்கப்பட்டு உள்ளே அடங்கியிருக்கின்றனவா, அல்லது வெட்டிய ஓரத்தின் மேல் நூல் பிரியாமல் சுற்றிப் போடும் ஓவர்லாக் தையல் மட்டும் ஓடியிருக்கிறதா என்பது அங்கே தெரியும். தையல் நெருக்கமாகவும் ஒரே சீராகவும் இருக்கவேண்டும். பொத்தான் நுழையும் காஜாவின் ஓரத்தில் நூல் பிரிந்து நிற்கக்கூடாது. பிறகு துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நீண்ட இழைப் பஞ்சில் நூற்ற நூல் சமமாகத் தெரியும். குட்டை இழைகளில் நூற்றதில் முனைகள் அதிகம் என்பதால், அவை வெளியே நீட்டிக்கொண்டு, உராயும் இடங்களில் சிறு சிறு உருண்டைகளாகத் திரளும். இவற்றைப் பார்க்கக் கண்ணும் விரலும் போதும். பழைய துணி விற்கும் இடத்திலும் இதே கண்தான் உதவும். அங்கே பலமுறை துவைத்தும் குலையாமல் நிற்கும் சட்டை தன் தரத்தைத் தானே காட்டிவிடுகிறது.

ஷூவில் பார்க்கவேண்டியது, அடிப்பாகம் தேய்ந்தால் அதை மாற்ற முடியுமா என்பதை. விளிம்பில் தோல்பட்டை வைத்துத் தைத்த ஷூவுக்கு அடிப்பாகத்தை மட்டும் பிரித்துப் புதிதாக வைத்துத் தரமுடியும். வெறும் பசையால் ஒட்டியதில் பெரும்பாலும் அது சிரமம். ஆனால் எவ்வளவு நல்ல ஷூவும் துடைக்காமலும் ஈரம் உலர விடாமலும் போட்டால் கெட்டுத்தான் போகும். தரமான பொருள் நம்மிடம் பராமரிப்பைக் கேட்கிறது. பத்துப் பொருளைப் பராமரிக்கலாம், நூறை முடியாது. குறைவாக வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு என்னிடம் உள்ள வலுவான காரணம் இதுதான். அழகோ துறவோ எனக்கு இரண்டாம்பட்சம்.

வசதி பற்றிய உங்கள் கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டேன். நெடுநாள் உழைக்கும் பொருளுக்கு மொத்தமாகப் பணம் வேண்டும், அது எல்லாரிடமும் ஒரே நேரத்தில் இருப்பதில்லை. மலிவானதைத் திரும்பத் திரும்ப வாங்குபவர் காலப்போக்கில் கூடுதலாகச் செலவழிக்க நேர்வது உண்மையான அநீதி. அதனால்தான் எல்லாவற்றையும் மாற்றும் எண்ணம் வேண்டாம் என்கிறேன். நாள்தோறும் உடம்பில் படுவது, நாள்தோறும் கையில் எடுப்பது எதுவோ, அதில் ஒன்று பழுதாகும்போது அந்த ஒன்றுக்கு மட்டும் கூடுதலாகச் செலவிடலாம். வருடத்தில் ஓரிரு முறை எடுப்பது சுமாராகவே இருக்கட்டும், இரவல் வாங்கினாலும் குறைவில்லை.

உங்களைக் களைக்கச் செய்தது மிகச் சிறந்ததைத் தேடியதுதான். பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், எல்லா வாய்ப்புகளையும் அளந்து மிகச் சிறந்ததைக் கண்டுபிடிப்பது மனிதரால் ஆகிற காரியமல்ல என்று 1950-களிலேயே விளக்கினார். நமக்கு எது போதும் என்று முன்கூட்டியே ஓர் அளவை வைத்துக்கொண்டு, அதை எட்டும் முதல் வாய்ப்போடு தேடலை நிறுத்திக்கொள்வதே நாம் நடைமுறையில் செய்யக்கூடியது என்றார். அடுத்த முறை தேடத் தொடங்கும் முன்பே உங்களுக்கு வேண்டியவற்றை மூன்று நான்கு வரிகளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவை அனைத்தும் பொருந்தும் முதல் பொருளை வாங்குங்கள். வாங்கிய பிறகு அதைப் பற்றிய மதிப்புரைகளையும் மற்ற இடங்களின் விலைகளையும் திரும்பப் பார்க்காதீர்கள்.

அன்புடன்