அடைக்கலாபுரமும் ஊட்டியும் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

என் அத்தை எஃப்.எம்.எம். என்ற மரியாளின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபையில் சிஸ்டராக இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, "எங்கள் சபை ஊட்டியில் பிறந்தது, ஆனாலும் நம்ம அடைக்கலாபுரத்துக்கும் அதில் பங்கு உண்டு" என்றார். அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள், மேலே கேட்க முடியவில்லை. பிரான்சிஸ்கன் என்பது நம் கடற்கரைச் சவேரியார் பெயரால் வந்ததா? வெளிநாட்டுச் சபைக்கும் திருச்செந்தூர்ப் பக்கத்து ஊருக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு வாசகி, சாத்தான்குளம்

அன்புள்ள தங்கைக்கு,

அத்தை சொன்னது சரிதான். பிரான்சிஸ் சவேரியார் சேசு சபைக்காரர். இவர்களுடைய பிரான்சிஸ், அவருக்கு ஏறக்குறைய 300 வருஷம் முந்திய அசிசி நகரத்துப் பிரான்சிஸ், அதாவது அசிசியார்.

சபையை நிறுவிய எலேன் 1839இல் பிரான்சின் நான்ட் நகரில் பிறந்தவர். 21 வயதில் ஏழை கிளாரா மடத்தில் சேர்ந்தார். அது அசிசியார் வழி வந்த, ஏழ்மையையே விரதமாகக் கொண்ட மடம். உடம்புக்கு முடியாமல் சில வாரங்களிலேயே வீடு திரும்பினார். 1864இல் மரி ரெபராத்ரிஸ் என்ற வேறு சபையில் சேர்ந்து, பாடுகளின் மரியாள் என்ற பெயரைப் பெற்றார். அடுத்த வருஷமே, நவகன்னியாக (துறவுப் பயிற்சியில்) இருக்கும்போதே, தமிழகத்தின் தெற்கே சேசு சபையார் நடத்திய மதுரை மிஷனுக்கு அனுப்பிவிட்டார்கள். சூயஸ் கால்வாய்கூடத் திறக்காத காலம்.

அந்தச் சபைக்கு இங்கே திருச்சி, தூத்துக்குடி, அடைக்கலாபுரம் என்று மூன்று மடங்கள். பின்னவை இரண்டும் அன்றைய திருநெல்வேலிச் சீமை. உள்ளூர்க் கன்னியர் சபைக்குத் துணை நிற்பது அவர்கள் வேலைகளில் ஒன்று. 1867 ஜூலையில் மூன்று மடங்களுக்கும் எலேனையே தலைவியாக்கினார்கள். அப்போது வயது 28. நிர்வாகம், பூசலைத் தீர்ப்பது, பிற நாட்டு மக்களோடு ஒட்டி வாழ்வது எல்லாம் அவருக்குக் கைவந்தது இந்த வெயிலில்தான். சபையின் கதையை ஊட்டிக் குளிரில் தொடங்குவது எனக்கு ஏற்பில்லாதது அதனால்தான்.

ஊட்டியில் 1874இல் ஒரு மடம் திறந்தார்கள். இதற்கிடையே மதுரை மிஷனில் பழைய பூசல் முற்றியது. தாதுவருஷப் பஞ்சம் தொடங்கிய அதே 1876இல், எலேன் உட்பட சுமார் 20 சகோதரிகள் தங்கள் சபையை விட்டே விலகி ஊட்டியில் கூடினார்கள். மலை ரயில் ஊட்டிக்கு வந்ததே 1908இல்தான். மேட்டுப்பாளையத்துக்கு மேலே சாலைப் பயணம்தான். பக்தி நூல்கள் இந்தப் பிளவை நாசூக்காகக் கடந்துவிடும். அப்படிச் செய்யக் கூடாது. வார்த்தைப்பாடு கொடுத்த சபையை விட்டு வந்த பெண்களுக்கு அன்று திரும்பிப் போக வீடு ஏது? அந்தத் துணிச்சலைச் சொல்லாவிட்டால் அவர்களைப் பற்றிச் சொல்ல என்ன மிச்சம்?

எலேன் ரோமுக்குப் போய் முறையிட்டார். 1877 ஜனவரி 6 அன்று புதிய சபைக்குப் போப் ஒன்பதாம் பத்திநாதர் (பயஸ்) அனுமதி தந்தார். 1882 அக்டோபர் 4, அசிசியார் திருநாள். அன்று ரோமின் அரச்சேலி கோவிலில் எலேன் அசிசியார் வழிச் சபைகளில் ஒன்றான பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார். 21 வயதில் உடம்பு இடம் கொடுக்காமல் விட்டுவந்த வழிக்கே, 43 வயதில் வந்து சேர்ந்தார். அப்புறமும் நிம்மதி இல்லை: 1883இல் தலைமைப் பதவியைப் பறித்தார்கள், விசாரணையில் குற்றமற்றவர் என்று தெரிந்து, 1884இல் சகோதரிகள் மறுபடி அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1904இல் அவர் இறந்தபோது சபையில் 2,000 பேருக்கு மேல், 86 மடங்கள். 2002இல், புனிதர் பட்டத்துக்கு முந்திய படியான முத்திப்பேறு பட்டம் கிடைத்தது.

அத்தை அடுத்த முறை வரும்போது ஆட்கள் வருவதற்கு முன்பே உட்கார வையுங்கள். எந்த மடத்தில் நவகன்னியாக இருந்தார், அங்கே யார் சமைத்தார்கள், வீட்டுக்குக் கடிதம் எழுத விட்டார்களா என்றெல்லாம் கேட்டு எழுதி அனுப்புங்கள். அவருக்குச் சம்மதமென்றால் இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி